பாலத்துக்கு இந்தப் பக்கம்

அத்தியாயம் பதினொன்று

மகளின் தலையை நில்டா மூன்றாவது தடவையாகப் பின்னிக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு பின்னலிலும் குறை ஒன்றும் இல்லை. கைகள் சும்மா இருக்க மாட்டேன் என்றன, அவ்வளவுதான்.

"அம்மா, வலிக்குது."

"நேரா உட்காரு மைதே. ஜட்ஜம்மா முன்னால தலைவிரி கோலமாவா போய் நிப்ப?"

"அவங்க என்னை என்ன கேப்பாங்க?"

"பேரு கேப்பாங்க. எந்த ஸ்கூல்ல படிச்சேன்னு கேப்பாங்க. உள்ளதைச் சொல்லு, போதும்."

வெளியே காற்று காலையிலேயே புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பொலிவியாவின் எல்லை ஊரான வில்யாசோனில் குளிர்காலம் என்றால் அப்படித்தான். வெயிலில் கண் கூசும், விரல் மட்டும் விறைத்துக் கிடக்கும்.

நாத்தனார் கசில்தாவின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த இந்த ஒற்றை அறைக்கு அவர்கள் வந்தது ஒரு ராத்திரி தங்கிப் போகத்தான். பொட்டோசியில் நில்டா வேலை பார்த்த ரொட்டிக் கடை மூடியாயிற்று. வாடகை வீட்டைக் காலி செய்து, கட்டிலை விற்று, பிள்ளையின் பெயரைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறியாயிற்று. பாலத்துக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினா. அங்கே பெரிகோவில் ஒரு புகையிலைப் பண்ணையில் சமையல் வேலை. தாய்க்கும் மகளுக்கும் தங்க ஓர் அறை. பாலத்தைத் தாண்ட வேண்டியதுதான் பாக்கி என்று நின்றபோதுதான் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி தலையை நிமிர்த்தினார்.

"பிள்ளையோட அப்பா எங்க?"

"இல்லை சார்."

"இல்லைன்னா? செத்துட்டாரா?"

"போயிட்டார். ஆறு வருஷம் ஆச்சு. எங்க இருக்கார்னே தெரியாது."

"அப்ப நீங்க போகலாம், பிள்ளை போக முடியாது. அப்பா சம்மதம் வேணும். அவரு எங்கன்னு தெரியலைன்னா அதைக் கோர்ட்ல சொல்லி உத்தரவு வாங்கிட்டு வாங்க. அடுத்தது யாரு?"

அந்த 'அடுத்தது யாரு' அன்றிலிருந்து நில்டாவின் காதிலேயே தங்கிவிட்டது. அதற்குப் பின் பாத்திரம் கழுவியும் சூப்புக்குக் கடலை இடித்தும் நாத்தனார் வீட்டில் இரண்டு மாதம் ஓடிவிட்டது. பண்ணையிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள்: இந்த வாரம் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களாம்.

இன்றைக்கு விசாரணை.

"கிளம்பலாமா?" கசில்தா வாசலில் வந்து நின்றாள். கொசுவம் கொசுவமாக விரிந்த ஆரஞ்சுப் பாவாடை, புதுச் சால்வை, தலையில் தொப்பி. திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். நில்டாவின் புருஷன் வில்மரின் அக்கா. தம்பி கைவிட்டுப் போன மனைவிக்கு ஒரு கூரையும் கொடுத்து, சாட்சி சொல்லவும் வருகிறவள். பெரிகோ வேலையைத் தேடிக் கொடுத்ததும் அவள்தான்.

"உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கேன் அண்ணி," என்றாள் நில்டா.

"அதெல்லாம் பேசாதே. நட," என்றாள் கசில்தா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

நீதிபதி அந்தெசானாவின் அறை சின்னது. மேசைக்கடியில் குளிருக்கு ஒரு மின்சார அடுப்பு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நீதிபதிக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே நில்டாவைப் பேசவிட்டார்.

நில்டா பேசினாள். பிரேசிலுக்கு வேலைக்குப் போகிறேன் என்று வில்மர் போனது. முதல் மாதம் ஒரு போன் வந்தது. அப்புறம் அந்த எண் அணைந்தே கிடந்தது. ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டாள். சம்மன் வாங்க ஆள் இல்லை. பிள்ளைக்கு அப்போது மூன்று வயது.

"சத்தியமாச் சொல்றீங்களா? இப்ப அவர் எங்க இருக்கார்னு உங்களுக்குத் தெரியாது?"

"சத்தியமா மேடம்."

அடுத்தது கசில்தா. தொப்பியைக் கழற்றி மார்பில் பிடித்துக்கொண்டாள். "நான் தூக்கி வளர்த்த தம்பிங்க. மூச்சு விடுறானா இல்லையான்னுகூடத் தெரியலை," என்று சொல்லிச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். குரல் உடைந்தது. நில்டாவுக்குப் பாவமாக இருந்தது. தன் காரியத்துக்காக இவளைக் கொண்டுவந்து ஊர் முன்னால் அழவைக்கிறோமே என்று நினைத்தாள்.

"சரி," என்றார் நீதிபதி. "பிள்ளையோட கொஞ்சம் தனியாப் பேசணும். நீங்க ரெண்டு பேரும் வெளியில இருங்க."

நடையில் ஒரு நீள பெஞ்சு. கசில்தா உட்காரவில்லை. கோக்கா இலைகளைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தாள்.

"பச்சைப் பிள்ளைகிட்ட எதுக்குக் கேள்வி? அதுக்கு என்ன தெரியும்?"

"பயப்படாதீங்க அண்ணி. பேரு, ஊரு கேட்டுட்டு விட்டுருவாங்க."

"நான் ஏன் பயப்படறேன்? எனக்கென்ன பயம்?"

கதவு திறந்தது. "அம்மாவை மட்டும் கூப்பிடறாங்க," என்றார் வாசலில் இருந்த பியூன் போர்ஃபிரியோ.

உள்ளே மைதே ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நீதிபதி கைக்குட்டையை மடித்து மேசைமேல் வைத்தார்.

"நான் உங்களை மறுபடியும் கேக்கறேன். பிள்ளையோட அப்பா எங்க?"

"சொன்னேனே மேடம்..."

"மைதே, எங்கிட்ட சொன்னதை அம்மாகிட்டயும் சொல்லு."

மைதே தாயைப் பார்த்தாள். பிஸ்கட்டை மடியில் வைத்தாள். "அப்பா ஞாயித்துக்கிழமை பேசுவார்."

"எந்த அப்பா?"

அந்தக் கேள்வி எவ்வளவு அபத்தம் என்பது நில்டாவின் வாயை விட்டு வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"என் அப்பா. நீ சந்தைக்குப் போறப்ப அத்தை போன்ல பேசுவார். பாட்டுகூடப் பாடினார்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லலை?"

"அம்மாகிட்ட சொல்லாதே, அங்க போனதும் தெரியட்டும்னு அத்தை சொன்னாங்க. ஜட்ஜம்மாகிட்ட சொல்லாதேன்னு யாரும் சொல்லலையே." மைதேயின் உதடு கோணிக்கொண்டது. "நீதான உள்ளதைச் சொல்லச் சொன்ன."

"அங்க போனதும்னா... எங்க போனதும்?"

"பெரிகோவுக்கு. அப்பா அங்கதான் இருக்கார். நீ சமைக்கப் போற பண்ணையில. அந்த வேலையை அவருதாம்மா உனக்குப் பார்த்து வெச்சார். நமக்கு ரூமுக்கு நீல பெயிண்ட் அடிச்சிருக்காராம்."

மேசைக்கடியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நில்டாவுக்குக் கால் முதல் தலைவரை சில்லிட்டது. போனில் கேட்ட அந்தப் பண்ணைக்கார அம்மாளின் குரல், 'நல்ல கைப்பக்குவம்னு கேள்விப்பட்டோம்' என்ற பாராட்டு, 'பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வாங்க' என்ற பெருந்தன்மை. தன் கைப்பக்குவத்துக்குக் கிடைத்த இடம் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள். அது அவன் விரித்து வைத்த பாய்.

"உங்களுக்குத் தெரியாதுங்கறதை நான் நம்பறேன்," என்றார் நீதிபதி. "அந்த அம்மா சொன்ன பொய்ச்சாட்சியை நான் தனியாப் பார்த்துக்கறேன். ஆனா அப்பா எங்க இருக்கார்னு தெரிஞ்சப்புறம், ஆள் காணோம்னு நான் உத்தரவு போட முடியாது. அவர் கையெழுத்து வேணும்."

"அவர் வந்து போடுவாரா மேடம்?"

"வர மாட்டார். நீங்க போட்ட வழக்குல அவர்மேல வாரண்ட் இருக்கு. இந்தக் கரையில கால் வெச்சா உள்ள போடுவாங்க. அந்தப் பக்கம் லா கியாகாவுல நம்ம நாட்டுக் கான்சல் ஆபீஸ் இருக்கு. அங்க போட்டுக் குடுக்கலாம். இன்னிக்குச் சாயங்காலம்வரை நான் இங்கதான் இருப்பேன். அடுத்த வாரத்திலேர்ந்து லீவு. திரும்பி வர ஒரு மாசம் ஆகும்."

அவனைப் பிடிக்கவேண்டும் என்று ஆறு வருஷத்துக்கு முன் அவள் போட்ட வழக்கு. அது இப்போது யாரைப் பிடித்து வைத்திருக்கிறது?

முற்றத்துக் குழாயடியில் கசில்தாவைப் பிடித்தாள்.

"மூச்சு விடுறானா இல்லையான்னு தெரியாதுன்னு சிலுவை போட்டீங்களே அண்ணி! நாக்கு கூசலையா?"

"கத்தாதே. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ரெண்டு மாசமா உங்க அடுப்படியில கெடந்தேன். ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா நீ வருவியா? அவன் பேரைச் சொன்னாலே பாத்திரத்தைப் போட்டு உடைப்ப. அவன் மாறிட்டான் நில்டா. அவனோட இருந்த அந்தப் பிரேசில்காரி எப்பவோ போயிட்டா. குடியை விட்டுட்டான். மேஸ்திரி ஆயிட்டான். பிள்ளை பிள்ளைன்னு உருகுறான்."

"உருகுறவனுக்கு ஆறு வருஷமா வழி தெரியலையா?"

"வழி எங்க இருக்கு? நீதான் போலீஸை நிறுத்தி வெச்சிருக்கியே!"

கசில்தா குரலைத் தணித்தாள். "லா கியாகாவுக்கு வந்துட்டான். நேத்தே வந்துட்டான். உங்களைக் கூட்டிக்கிட்டுப் போக. போய்ப் பேசு. புருஷன் பொண்டாட்டிதானே."

"மைதே உங்களோட இருக்க மாட்டா," என்று மட்டும் சொன்னாள் நில்டா.

வேறு யாரிடம் விடுவது? இந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த கதவு ஒன்றுதான், அதுவும் இப்போது சாத்திக்கொண்டது. கடைசியில் பியூன் போர்ஃபிரியோவிடமே போய் நின்றாள்.

"ஐயா, ஒரு மணி நேரம் பிள்ளை இந்த பெஞ்சுல உட்காரட்டும். யார் வந்து கூப்பிட்டாலும் அனுப்பாதீங்க."

"உட்காரட்டும்மா. நான் எங்க போகப் போறேன்?"

மைதே அவள் சால்வை நுனியைப் பிடித்தாள். "அப்பாவைப் பாக்கவா போற? நானும் வரேன்."

"உன்னை விட மாட்டாங்க கண்ணு."

"உன்னை மட்டும் விடுவாங்களா?"

"என்னை விடுவாங்க."

அது என்ன நியாயம் என்பது போல மைதே பார்த்தாள். நில்டாவுக்கும் தெரியவில்லை.

கான்சல் அலுவலகத்துக்கு எதிரே ஒரு காபிக்கடை. வில்மர் கண்ணாடியை ஒட்டிய மேசையில் உட்கார்ந்திருந்தான். நெற்றி ஏறியிருந்தது. முகம் வெயிலில் கறுத்து, உடம்பு ஒடுங்கி, சலவைச் சட்டைக்குள் யாரோ மாதிரி இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். கையை நீட்டுவதா, தோளைத் தொடுவதா என்று தெரியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"பஸ்ல வந்த களைப்பே தெரியலை. அப்படியே இருக்க," என்றான்.

"நான் பஸ்ல வந்து ரெண்டு மாசம் ஆச்சு. கையெழுத்தைப் போடு. நான் போகணும்."

"உட்காரு. ஒரு காபி குடி."

"எனக்கு உன் காபி வேண்டாம்."

அவன் போனை எடுத்துப் பார்த்தான். திரும்ப மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

"நான் பண்ணினது தப்புதான். சொல்லிக்காட்டு, திட்டு, வாங்கிக்கறேன். முதல் வருஷம் வெக்கமா இருந்துச்சு. ரெண்டாவது வருஷம் பயமா இருந்துச்சு. அதுக்கப்புறம்... எந்த முகத்தோட கூப்பிடறதுன்னே தெரியலை."

"இப்ப மட்டும் முகம் எங்கேர்ந்து வந்துச்சு? என் பிள்ளை முதுகுக்குப் பின்னால, போன் வழியா?"

"நம்ம பிள்ளை."

கடைக்காரப் பெண் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"கையெழுத்துப் போடறேன்," என்றான் வில்மர். "கான்சல்கிட்ட காலையிலேயே கேட்டுட்டேன். பிள்ளை எந்த வீட்ல, யார் பொறுப்புல இருக்கும்னு சொல்லணுமாம். என் வீடு, என் பொறுப்புன்னு போடறேன். நீ அந்த வழக்கை வாபஸ் வாங்கு. அவ்வளவுதான்."

"பெரிகோல எனக்குத் தங்கச்சி முறையில ஒருத்தி இருக்கா. அவ வீடுன்னு போடு. என் பொறுப்புன்னு போடு."

"அது எப்படி? அப்பன் நான் இருக்கேன்."

"அப்ப நான் யாரு?"

"நீயும் வரலாமே. உன்னை யாரு வேண்டாம்னது?"

நீயும் வரலாமே. ஜுரத்திலும் பேனிலும் பள்ளிக்கூட வாசலிலும் பிள்ளையோடு இருந்தவளுக்கு, வராதவன் கொடுக்கிற அனுமதி. நில்டா காபிக் கோப்பையை அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

யோசித்தாள். சரி என்று சொன்னால் இன்று ராத்திரியே பெரிகோ. கூரை, வேலை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். நாளைக்கு அவன் மறுபடி குடிக்க ஆரம்பித்தால், இன்னொருத்தி வந்தால், 'நீ போகலாம், பிள்ளை போக முடியாது' என்று சொல்லக் கண்ணாடிக் கூண்டுகூட வேண்டாம். அவனே சொல்வான். காகிதமும் அவன் பக்கம் பேசும். முடியாது என்று சொன்னால் போகப் பொட்டோசியில் வீடு இல்லை, தங்க இங்கே இடம் இல்லை.

"யோசிச்சுச் சொல்றேன்," என்று எழுந்தாள்.

"இரு இரு. காபி ஆறுது. இன்னும் கொஞ்ச நேரம் உட்காரு." அவன் மறுபடியும் போனைத் திருப்பிப் பார்த்தான். "என்ன அவசரம்? மைதே என்ன பண்றா? ஒசந்துட்டாளா? என் மூக்குதானே அவளுக்கு?"

"ஜட்ஜம்மா போயிருவாங்க."

"போகட்டும் நில்டா. ஜட்ஜ் இல்லாமலேயும் வழி இருக்கு."

அவன் அதை எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று அவளுக்குப் புரியவில்லை. காசைப் பற்றிச் சொல்கிறான், யாருக்காவது கொடுத்துச் சரிக்கட்டலாம் என்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். வெளியே வந்தபோது காற்று முகத்தில் அறைந்தது.

பாலத்தில் திரும்பி வருகிறவர்களின் வரிசை நகரவே இல்லை. கம்பி வலைக்கு இந்தப் புறம் நில்டா, முன்னால் ஒரு குடும்பம், பின்னால் டயர் உருட்டிக்கொண்டு வந்த ஓர் ஆள். கீழே ஆறு. ஆறு என்று பெயர்தான். அகலமான கூழாங்கல் பரப்புக்கு நடுவே, எட்டித் தாண்டிவிடலாம் போல ஒரு நீர்க்கோடு. மாவு மூட்டையும் சீனி மூட்டையும் முதுகில் கட்டிக்கொண்டு ஆண்களும் பெண்களும் எறும்பு மாதிரி அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். காவலர்கள் அவர்களைப் பார்ப்பதும் உண்டு, பார்க்காமல் இருப்பதும் உண்டு.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஓர் ஆரஞ்சுப் பாவாடை.

காற்றில் புடைத்துக்கொண்டு அது ஆற்றின் நடுப்பகுதிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் கையைப் பிடித்துக்கொண்டு நீலப் பள்ளிக்கூட ஸ்வெட்டர். காலையில் மூன்று தடவை பின்னிய பின்னல்.

ஜட்ஜ் இல்லாமலேயும் வழி இருக்கு.

"மைதே!"

காற்று அந்தக் கூப்பாட்டை வாரிக்கொண்டு போயிற்று. நில்டா கம்பி வலையைப் பிடித்து உலுக்கினாள். முன்னால் நின்ற குடும்பமே திரும்பிப் பார்த்தது. "மைதே! மைதே!"

கீழே அந்தச் சின்ன உருவம் நின்றது. தலையை நிமிர்த்தி, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தது. கசில்தா இழுத்தாள். மைதே கையை உதறினாள். பிறகு அங்கேயே, தண்ணீருக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு பெரிய கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கசில்தா குனிந்து ஏதோ சொன்னாள், கெஞ்சினாள், தோளைப் பிடித்துத் தூக்கினாள். பிள்ளை எழுந்திருக்கவில்லை.

நில்டா வரிசையை முட்டிக்கொண்டு ஓடினாள். "ஏம்மா, எல்லாரும்தானே நிக்கறோம்!" என்று யாரோ கத்தினார்கள். அடையாள அட்டையைக் கூண்டுக்குள் விட்டெறிந்து, அது திரும்பி வருமுன் பாலத்தின் ஓரமாக மூட்டைக்காரர்கள் இறங்குகிற சரிவில் இறங்கினாள். செருப்பு ஒன்று கழன்று போயிற்று. எடுக்க நிற்கவில்லை.

"நீ அந்தப் பக்கம் அப்பாவோட காத்துக்கிட்டிருக்கேன்னு அத்தை சொன்னாங்க," என்றாள் மைதே, தாய் வந்து எதிரில் நின்று மூச்சு வாங்கியபோது. "பாத்ரூம் போக முற்றத்துக்கு வந்தேன், அங்க நின்னாங்க. நீதான் கூட்டிக்கிட்டு வரச் சொன்னியாம். ஆனா நீ மேல நின்னு கத்தின."

"நான் சொல்லலை கண்ணு."

"எனக்கும் அப்பவே தோணுச்சு. அதான் உட்கார்ந்துட்டேன்."

நில்டா கசில்தாவை ஏறிட்டாள். கசில்தாவின் தொப்பி எங்கோ பறந்து போயிருந்தது. தலைமுடி கலைந்து, திடீரென்று வயசானவள் போலத் தெரிந்தாள்.

"அடிக்கணும்னா அடிச்சுக்கோ," என்றாள். "எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். பிள்ளையைப் பாக்காமலே செத்துருவேன்கா, கொண்டாந்து குடுத்துருன்னு அழுதான். எனக்கு மனசு கேக்கலை."

"என் மனசு உங்களுக்குக் கண்ணுக்கே தெரியலையா அண்ணி?"

கசில்தா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் எதிர்க்கரையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"மைதே! கண்ணு!"

சரிவில் சறுக்கிக்கொண்டு வில்மர் ஓடிவந்தான். தண்ணீரின் விளிம்பில் வந்து நின்றான். சலவைச் சட்டை காற்றில் படபடத்தது. மைதே கல்லை விட்டு எழுந்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரியாது, குரல் தெரியும்.

"அப்பா," என்றாள் மெதுவாக, யாரிடமும் இல்லாமல். பிறகு தாயின் பக்கம் திரும்பினாள். "அவரைப் பாக்கணும்மா. ஒரே ஒரு தடவை."

பிடித்து நிறுத்தவேண்டும் என்றுதான் நில்டாவின் கை போயிற்று. பாதி வழியில் நின்றுவிட்டது. பிடித்தால் பிள்ளையின் மனசு போகும். விட்டால் பிள்ளையே போகும்.

"வில்மர்!" என்று கத்தினாள். "நீ வா. இந்தப் பக்கம் வா. நேரா ஜட்ஜம்மாகிட்ட போவோம். வழக்கை வாபஸ் வாங்கறேன்னு நானே அவங்க முன்னால சொல்றேன். அவ என்னோட இருக்கட்டும், நீ வந்து பாரு. எத்தனை தடவை வேணும்னாலும் பாரு. வா!"

"பிடிச்சுப்பாங்க நில்டா!"

"நான் கூட நிக்கறேன். வா!"

வில்மர் பாலத்தை நிமிர்ந்து பார்த்தான். மேலே காவலர்களின் தொப்பிகள் தெரிந்தன. அவன் காலை எடுத்து வைக்கவில்லை. நடுவே மூட்டைக்காரர்கள் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடினார்கள். கைக்குழந்தையை முன்னால் கட்டிக்கொண்டு, மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு பெண் தாண்டிப் போனாள்.

"அப்பா, ஆழமே இல்லப்பா," என்றாள் மைதே. அவனுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பூட்ஸோடு ஒரு காலைத் தண்ணீரில் வைத்துக் காட்டினாள். கணுக்காலைக்கூட நனைக்கவில்லை. "பாருங்க. இவ்வளவுதான்."

"அப்பாவால முடியாதும்மா. நீ வாடா கண்ணு. ரெண்டு எட்டு வெச்சா அப்பா தூக்கிக்கறேன். வா!"

அவன் கைகளை விரித்துக்கொண்டு நின்றான்.

மைதே அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு காலைப் பின்னால் எடுத்தாள். "எனக்குப் பேப்பர் இல்லப்பா," என்றாள். "பேப்பர் இல்லாம அந்தப் பக்கம் வரக் கூடாது."

வில்மரின் கைகள் சட்டென்று தாழவில்லை. விரித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தன, பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கின.

"போலாம்மா," என்று மைதே தாயின் விரல்களைப் பற்றினாள். ஈர பூட்ஸ் கூழாங்கற்களின் மேல் சதக் சதக்கென்றது.

கசில்தா அவர்களுக்கு முன்னாலேயே, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சரிவில் ஏறிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு அறையில்தான் இவர்களின் பெட்டி, துணி, போர்வை எல்லாம். அந்தக் கதவை இனிமேல் எப்படித் தட்டுவது? ஆற்றில் பிள்ளையோடு நின்றதை எத்தனை பேர் பார்த்தார்கள், அது நீதிபதியின் காதுக்கு யார் வாயில் போய்ச் சேரும்? பண்ணை இல்லை. பொட்டோசி இல்லை. ஒரு கால் செருப்போடு நில்டா நடந்தாள். கையில் இருந்த சின்னக் கை மட்டும் சூடாக இருந்தது.

"அழறியாம்மா?"

"புழுதி."

"எனக்கும் புழுதிதான்," என்றாள் மைதே.

சரிவில் அவர்கள் ஏற ஆரம்பித்தபோது, மேலே கரையின் விளிம்பில் ஒரு காவலர் வந்து நின்று கீழே எட்டிப் பார்த்தார். அவர் பார்த்தது நில்டாவை அல்ல. அவர்களைத் தாண்டி, ஆற்றை.

பின்னால் தண்ணீர் கலங்கியது. மூட்டைக்காரர்கள் ஓடுகிற சத்தம் அப்படி இருக்காது. எதிர்க்கரையிலிருந்து ஒரு கால் வைத்து, நின்று, இன்னொரு கால் வைக்கிற சத்தம்.

காவலர் விசிலை வாயில் வைத்தார்.

நில்டா திரும்பவில்லை. மைதேதான் திரும்பினாள்.